குட்டிக் கம்ப்யூட்டருக்கு மார்க் போடுவது யார்?

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டர் இப்போது கடைக்குக் கடை வந்துவிட்டது. மானிட்டருக்குப் பின்னால் ரெண்டு ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டால் இருக்கிற இடமே தெரியாது. இதைப் பார்த்தவுடனே நம்ம ஆட்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, "இதெல்லாம் பொம்மைடா, ஆட்டோகேட் திறந்தா அழுதிடும்" என்கிறது. இன்னொரு கட்சி, "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, வேற என்னடா வேணும்?" என்கிறது. ரெண்டு கட்சிக்கும் ஒரே ஒரு ஒற்றுமை. ரெண்டு பேருமே அதைச் சோதித்துப் பார்த்ததில்லை!

முதல் கட்சி பெட்டியின் அளவைப் பார்த்து மார்க் போடுகிறது. இரண்டாவது கட்சி பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து மார்க் போடுகிறது. பாலிடெக்னிக்கில் படிக்கிற நமக்கு இந்த ரெண்டுமே அழகில்லை என்பது என் கருத்து. ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தால் நாம என்ன செய்கிறோம்? நேம் பிளேட்டைப் படித்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதி முடித்துவிடுகிறோமா? ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட், ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட், அப்புறம் லோடு டெஸ்ட். டிரான்ஸ்பார்மருக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?

இது வெறும் அரட்டை விஷயமும் இல்லை. ஒரு லேபுக்கு 30 கம்ப்யூட்டர் வாங்கினால் அது குறைந்தது ஐந்து, ஆறு வருடம் அங்கே இருக்கும். அதாவது ரெண்டு பேட்ச் மாணவர்கள் முழுப் படிப்பையும் அதில்தான் முடிப்பார்கள். தவறாக வாங்கினால், ஒரு மணி நேர பிராக்டிகலில் இருபது நிமிடம் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வீட்டிலும் அதே கதைதான். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிற அப்பா அம்மா இங்கே நிறைய பேர். அந்தப் பணத்துக்கு மரியாதை வேண்டாமா?

சின்னப் பெட்டி வந்த வழி

கம்ப்யூட்டர் லேப் என்றால் ஏசி ரூம், வாசலில் செருப்பைக் கழற்றணும், உள்ளே போனால் மேஜை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பெட்டி என்று சீனியர்கள் கதை சொல்லுவார்கள். அந்தப் பெட்டி ஒரே நாளில் சுருங்கிவிடவில்லை.

2001-ல் தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் மினி-ஐடிஎக்ஸ் என்று 17 செ.மீ. சதுரத்தில் ஒரு மதர்போர்டு அளவைக் கொண்டு வந்தது. 2005 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மேக் மினியை வெளியிட்டது. ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம், விலை 499 டாலர். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் உங்க கையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியே விற்றார்கள். 2012 பிப்ரவரி 29-ம் தேதி இங்கிலாந்திலிருந்து ராஸ்பெர்ரி பை வந்தது. 35 டாலருக்கு, கைக்கு அடக்கமாக ஒரு முழுக் கம்ப்யூட்டர்! அதே காலகட்டத்தில் இன்டெல், நான்கு அங்குலச் சதுர போர்டில் 'நக்' என்ற வரிசையைத் தொடங்கியது. பத்து வருடம் நடத்திவிட்டு 2023 ஜூலையில் அந்தத் தொழிலிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. ஆசஸ் நிறுவனம் அதை எடுத்து நடத்துகிறது.

இந்தக் கதையில் ரெண்டு பெரிய திருப்பம். ஒன்று, 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பை மேக் மினிக்குள் வைத்தது. குட்டிப் பெட்டி என்றால் சுமார்தான் என்ற பேச்சு அன்றோடு அடிபட்டுப் போனது. 2024 அக்டோபரில் அறிவித்த எம்4 மேக் மினி இன்னும் சுருங்கி ஐந்து அங்குலச் சதுரமாகிவிட்டது. இரண்டாவது திருப்பம், 2023 தொடக்கத்தில் இன்டெல் விட்ட என்100 என்ற சிப். நாலு கோர், அதிகபட்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ், குறிப்பேட்டில் போட்டிருக்கிற மின்சாரம் வெறும் 6 வாட்! இன்று ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற பல மினி பெட்டிகளுக்குள் இருப்பது இந்தச் சிப்போ, இதன் அண்ணன் தம்பிகளோதான். நம் பட்ஜெட்டுக்கு எட்டுவது இதுதான் என்பதால் இதையே பரீட்சைக்கு உட்கார வைப்போம்.

6 வாட்டில் எப்படி?

"அது எப்படிடா 6 வாட்? நைட் லேம்ப் மாதிரி இருக்கே" என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பதில் நம்ம பாடத்திலேயே இருக்கிறது. ஒரு டிஜிட்டல் சர்க்யூட் ஸ்விட்ச் ஆகும்போது செலவாகிற மின்சாரம், கெப்பாசிட்டன்ஸ், வோல்டேஜின் வர்க்கம், அதிர்வெண் மூன்றையும் பெருக்கி வருவது. இதில் வோல்டேஜ் வர்க்கமாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். ரெண்டும் 20 சதவீதம் குறைந்தால், 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8, அதாவது சுமார் 0.51. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போனது, மின்சாரத்தில் பாதி மிச்சம்! கடைசி அரை கிகாஹெர்ட்ஸுக்காகத்தான் பெரிய பெட்டிகள் அவ்வளவு கரண்டைக் குடிக்கின்றன.

ஒரு ஒப்பீடு சொன்னால் இன்னும் புரியும். 2015-ல் வந்த ஐ-5 6500 என்ற சிப் அந்தக் காலத்து ஆபீஸ்களில் ராஜா. நாலு கோர், 65 வாட். இன்றைய என்100 பல சோதனைகளில் அதற்கு ஏறத்தாழ சமமாக நிற்கிறது. எட்டே வருடத்தில் அதே வேலை, மின்சாரமோ ஒரு சிறு பங்கு. ஆகவே "இது பொம்மை" என்ற கட்சிக்கு என் பதில்: நீங்க பத்து வருடத்துக்கு முன்னால் கொண்டாடிய பெரிய பெட்டிதான் இது, உடம்பு மட்டும் இளைத்திருக்கிறது.

ஆனால் இரண்டாவது கட்சி அதற்குள் கைதட்ட வேண்டாம். உங்களுக்கும் பதில் இருக்கு.

இன்டர்னல் மார்க்கை நம்பலாமா?

ஸ்டிக்கரில் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அது பொய் இல்லை. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்று போடவில்லையே! நூறு மீட்டர் ஓட்டக்காரன் ஓடுகிற வேகத்தை வைத்து, அவன் மதுரையிலிருந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரத்தில் போவான் என்று கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்?

இன்டெல் சிப்புகளில் ரெண்டு மின்சார வரம்பு உண்டு. ஒன்று நீண்ட நேரத்துக்கு, இன்னொன்று கொஞ்ச நேரத்துக்கு மட்டும். வேலை வந்தவுடன் சிப் பெரிய வரம்புக்குத் தாவும், பறக்கும். குறிப்பிட்ட நேரம் கழித்து சின்ன வரம்புக்கு இறங்கிவிடும். லேப்டாப் ரகச் சிப்புகள் பலவற்றில் அந்த நேரம் சுமார் 28 விநாடி. அந்த வரம்பை எங்கே வைப்பது என்பது பெட்டி செய்கிறவர் கையில். ஆகவே ஒரே என்100 சிப், ஒரு பெட்டியில் 6 வாட்டில் மூச்சு வாங்கும், இன்னொரு பெட்டியில் 15 வாட்டில் ஜாலியாக ஓடும். ஸ்டிக்கர் மட்டும் ரெண்டிலும் ஒன்றே!

அடுத்தது வெப்பம். இது நமக்கு ரொம்ப முக்கியம். வெப்பம் வெளியேறுவதும் ஓம்ஸ் லா மாதிரிதான். வோல்டேஜுக்குப் பதில் வெப்பநிலை வித்தியாசம், கரண்டுக்குப் பதில் வாட், ரெசிஸ்டன்ஸுக்குப் பதில் ஹீட் சிங்கின் வெப்பத் தடை. ஒரு குட்டிப் பெட்டியின் வெப்பத் தடை வாட்டுக்கு 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 வாட் ஓடினால் அறை வெப்பத்துக்கு மேல் 45 டிகிரி ஏறும். 22 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறவருக்கு சிப் 67 டிகிரி. சித்திரை வெயிலில், 40 டிகிரியில், ஃபேன் மட்டும் சுற்றுகிற அறையில் அதே சிப் 85 டிகிரி! கூடவே பெட்டியின் ஓட்டைகளில் தூசி அடைத்தால் வெப்பத் தடை இன்னும் ஏறும். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே 'சூப்பர்' என்று எழுதிய பெட்டி இங்கே இழுத்துக்கொண்டு நிற்பது அதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர் வேறு, நம்ம ஊர் வேறு!

மூன்றாவது, ரேம். 16 ஜிபி என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் என்100-க்கு மெமரி சேனல் ஒன்றுதான். டிடிஆர்4-3200 ரகத்தில் ஒரு சேனலில் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி போகும். ரெண்டு சேனல் உள்ள பெரிய சிப்பில் 51.2 போகும். தொட்டி பெரிசாக இருந்து என்ன, குழாய் ஒன்றுதானே? கிராபிக்ஸும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கணும்.

நான்காவது, எஸ்எஸ்டி. '512 ஜிபி எஸ்எஸ்டி' என்றால் முடிந்ததா? பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற எம்.2 அட்டையில் ரெண்டு ஜாதி உண்டு. சாட்டா வகையில் விநாடிக்குச் சுமார் 550 எம்பிதான் உச்சம். என்விஎம்இ வகையில், முழுசாக நாலு வழி கொடுத்தால், மூன்றாம் தலைமுறை இணைப்பிலேயே 3500 எம்பியைத் தொடலாம். மினி பெட்டிகளில் பல நேரம் ஒன்றோ ரெண்டோ வழிதான் கொடுத்திருப்பார்கள். இன்னும் மலிவான சிலவற்றில் போர்டிலேயே ஒட்டிய இஎம்எம்சி மெமரி. அது பழுதானால் போர்டோடு போச்சு.

ஸ்டிக்கர் என்பது கம்பெனி தானே போட்டுக்கொள்கிற இன்டர்னல் மார்க். இன்டர்னல் மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வராமல் பாஸ் போடக்கூடாது என்கிறேன்.

பெஞ்ச்மார்க் என்கிற பரீட்சை

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வேலைக்கு பெஞ்ச்மார்க் புரோகிராம்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. அவற்றுக்கும் ஐம்பது வருடத்துக்கு மேல் வயசாகிறது. 1972-ல் இங்கிலாந்தில் வெட்ஸ்டோன் வந்தது. 1984-ல் டிரைஸ்டோன் வந்தது. முன்னது ஈரம், பின்னது காய்ந்தது என்று ஆங்கிலத்தில் பெயரிலேயே ஒரு விளையாட்டு! ஆனால் என்ன ஆச்சு? டிரைஸ்டோன் சின்ன புரோகிராம் என்பதால், அந்தப் பரீட்சைக்கென்றே கம்பைலரைத் தயார் செய்ய ஆரம்பித்தார்கள். சில கம்பைலர்கள் அதிலுள்ள வேலையில் ஒரு பகுதியை 'தேவையில்லை' என்று வெட்டியே விட்டன. வேலை செய்யாமலே மார்க் ஏறியது! கொஸ்டின் பேங்கை மனப்பாடம் செய்து எழுதி நூற்றுக்கு நூறு வாங்குகிற கதைதான். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 1988-ல் கம்பெனிகளே கூடி ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கி, நிஜமான புரோகிராம்களை வைத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள்.

இப்போதும் எந்தப் பரீட்சை எதைக் கேட்கிறது என்று தெரியாமல் மார்க்கை மட்டும் ஒப்பிடக்கூடாது. கீக்பெஞ்ச் என்ற சோதனை ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் வேண்டுமென்றே இடைவெளி விடுகிறது. சூடு குறுக்கிடாமல் சிப்பின் திறமையை மட்டும் பார்ப்பதற்காக அப்படி. சினிபெஞ்ச் ஆர்23 தானாகவே பத்து நிமிடம் விடாமல் ஓட்டும். ஆகவே குட்டிப் பெட்டிக்கு கீக்பெஞ்சில் நல்ல மார்க், சினிபெஞ்சில் சுமார் மார்க் வந்தால் ரெண்டுமே உண்மைதான். முதலாவது 'திறமை இருக்கிறது' என்கிறது. இரண்டாவது 'தாக்குப் பிடிக்க மூச்சு இல்லை' என்கிறது. ரெண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ரிசல்ட் ஷீட்.

நாமே நடத்தும் பிராக்டிகல்

சரி, நாம என்ன செய்யலாம்? பெரிய லேபரட்டரி எதுவும் வேண்டாம். ஒரு வாட் மீட்டர், ஒரு வாட்ச், ஒரு தெர்மாமீட்டர், காசில்லாமல் கிடைக்கிற ரெண்டு மூன்று சாஃப்ட்வேர். இவ்வளவுதான்.

1. மூடியைத் திற. விற்பவர் முன்னாலேயே நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். ரேம் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்திருக்கிறதா? எஸ்எஸ்டி எந்த ஜாதி? இன்னொன்று போட இடம் இருக்கா? ஃபேன் தனியாகக் கழற்றித் துடைக்க முடியுமா? சிஸ்டம் தகவலைத் திறந்து, ஸ்டிக்கரில் போட்ட சிப்தான் உள்ளே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பார்க்க விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

2. அரை மணி நேர லோடு டெஸ்ட். செவன்-ஜிப் என்ற இலவச சாஃப்ட்வேருக்குள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது. அதையோ சினிபெஞ்சையோ முப்பது நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். முதல் நிமிட மார்க்கையும் முப்பதாவது நிமிட மார்க்கையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருகிற எண்தான் அந்தப் பெட்டியின் குணம். அறை வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுத மறக்காதீர்கள். அது இல்லாத ரீடிங் ரீடிங்கே இல்லை. முடிந்தால் மதியம் ரெண்டு மணிக்கு, ஏசி போடாமல் செய்யுங்கள்.

3. வாட் மீட்டர். பெட்டியின் அடாப்டருக்கும் பிளக்குக்கும் நடுவில் வாட் மீட்டரை மாட்டி, சும்மா இருக்கும்போது, சாதாரண வேலையில், முழு லோடில் என்று மூன்று ரீடிங் எடுங்கள். சிப் குறிப்பேட்டில் 6 வாட் என்று இருந்தாலும் சுவரிலிருந்து இழுப்பது அதைவிட அதிகமாகவே இருக்கும். ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், அடாப்டரின் நஷ்டம் எல்லாம் அதில் சேர்த்திதானே!

4. நம்ம வேலை. இதுதான் உண்மையான எக்ஸாம். மெக்கானிக்கல்காரர்கள் தங்கள் பெரிய அசெம்ப்ளி டிராயிங் ஒன்றைத் திறக்கட்டும். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் மைக்ரோகன்ட்ரோலர் புரோகிராமை கம்பைல் செய்யட்டும். கம்ப்யூட்டர் துறையினர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரோடு ஒரு ஆப்பை ஓட்டட்டும். கூடவே பிரவுசரில் பத்து டேப், ஒரு வீடியோ பாடம். பிராக்டிகல் நடக்கும்போது லேபில் நிஜமாக என்ன நடக்கிறதோ அதெல்லாம்.

5. காது. நடு லேபில் 30 ஃபேன்கள் ஒரே சுருதியில் கத்தினால் ஆசிரியர் பேசுவது கேட்காது. அதற்கும் மார்க் உண்டு.

இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. ஒரு ரெக்கார்டு நோட்டில் ரெண்டு பக்கம். அவ்வளவே.

யாருக்குப் பாஸ், யாருக்கு அரியர்?

என்100 ரகப் பெட்டியின் அமைப்பை வைத்தே சில விஷயம் தைரியமாகச் சொல்லலாம். டைப்பிங், கணக்குத் தாள், இன்டர்நெட், சி, பைத்தான், ஜாவா அடிப்படைப் பயிற்சி, மைக்ரோகன்ட்ரோலர், சின்ன சர்க்யூட் சிமுலேஷன், இரு பரிமாண டிராயிங், இவற்றுக்கெல்லாம் இது தாராளமாகப் போதும். நல்ல எஸ்எஸ்டி இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க் போட்ட பெரிய பெட்டியைவிட இதுதான் கைக்குச் சுறுசுறுப்பாக இருக்கும். ஹார்டு டிஸ்கில் தலை ஒவ்வொரு இடமாக நகர்ந்து தேடவேண்டும், விநாடிக்கு நூறு நூற்றைம்பது தடவைக்கு மேல் முடியாது. எஸ்எஸ்டிக்கு நகர்கிற தலையே கிடையாதே!

ஆனால் சாலிட்வொர்க்ஸ் மாதிரி முப்பரிமாண வடிவமைப்பு, ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ், பெரிய வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு எமுலேட்டர், இவற்றில் இதை நம்பி இறங்கக்கூடாது. நாலு சின்ன கோர், ஒற்றைச் சேனல், மெலிந்த கிராபிக்ஸ் என்றால் அங்கே அரியர் நிச்சயம். அதற்கு பெரிய பெட்டியோ, விலை கூடிய மினியோதான் வேண்டும். ஆகவே ஒரு கல்லூரியின் எல்லா லேபுக்கும் ஒரே மாடல் என்று மொத்தமாக வாங்குவது நியாயமில்லை. எல்லாருக்கும் ஒரே சைஸ் யூனிபார்ம் தைத்த மாதிரி ஆகிவிடும்.

கரண்ட் பில் பக்கமும் பார்த்துவிடுவோம். பழைய பெட்டிக்கும் குட்டிப் பெட்டிக்கும் சராசரி வித்தியாசம் 40 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பெட்டிக்கு 1.2 கிலோவாட். நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 220 நாள் என்றால் 2112 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கணக்கிட்டால் சுமார் 16,900 ரூபாய். ஏசிக்குக் குறைகிற சுமை தனி. யுபிஎஸ்ஸிலும் லாபம்தான். சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி 84 வாட்-மணி. நஷ்டம் போகப் பாதி கிடைத்தாலும், பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 40 வாட் என்றால் ஒரு மணி நேரம் ஓடும். 100 வாட் இழுக்கிற பழைய செட்டுக்கு அதுவே 25 நிமிடம். பிராக்டிகல் எக்ஸாம் நடுவில் கரண்ட் போனவனுக்குத்தான் அந்த 35 நிமிடத்தின் அருமை தெரியும்!

எதிர்க்கட்சிக்கும் காது கொடுப்போம்

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய பெட்டியில் பவர் சப்ளை போனால், மார்க்கெட்டில் ஒன்று வாங்கி அரை மணியில் மாட்டிவிடலாம். மினியில் அடாப்டர் தொலைந்தால் அதே வோல்டேஜ், அதே பின், அதே போலாரிட்டி தேடி அலையணும். மதர்போர்டு போனால் பெரும்பாலும் மொத்தப் பெட்டியும் போனது மாதிரிதான். பெயர் தெரியாத பிராண்டு என்றால் சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்பதால் திருட்டுப் பயமும் உண்டு. அதற்குப் பூட்டு வைக்கத் துளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

"அப்போ செகண்ட் ஹேண்ட் வாங்கலாமே" என்று ஒரு யோசனை. நல்ல யோசனைதான். பெரிய கம்பெனிகளில் பயன்படுத்திக் கழித்த ஒரு லிட்டர் கொள்ளளவு மினிகள் நிறைய வருகின்றன. டெல் மைக்ரோ, லெனோவோ டைனி, எச்பி மினி மாதிரி. ரேமுக்கு ரெண்டு ஸ்லாட், கழற்றி மாட்டும் சிப் என்று ரிப்பேருக்கு இவை வசதி. ஆனால் வருடத்தைப் பார்த்து வாங்கணும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ-5 6500 காலத்துப் பெட்டியை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. 2018-ன் ஐ-5 8500டி மாதிரி எட்டாம் தலைமுறைச் சிப் என்றால் ஏற்கும். அதில் ஆறு கோர், 35 வாட், ரெண்டு மெமரி சேனல். உழைப்பில் என்100-ஐ முந்தும். ஆனால் வாரண்டி? அங்கேதான் இடிக்கும். வீட்டுக்கு ஒன்று வாங்குகிற மாணவனுக்கு இது சரி. 30 வாங்குகிற கல்லூரிக்கு இது ரிஸ்க். லினக்ஸ் ஓட்டப் போகிறோம் என்றால் பழைய பெட்டியும் இன்னும் சில காலம் தாங்கும்.

நாம் கேட்பது என்ன?

மாணவர் பேரவையின் மலர் இது. ஆகவே வெறும் தொழில்நுட்பம் பேசிவிட்டு எழுந்து போக எனக்கு மனசில்லை. என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, எந்த லேபுக்கு வாங்கினாலும் 30 வாங்குவதற்கு முன் ஒன்றை வாங்கியோ, மாதிரியாகக் கேட்டோ ஒரு வாரம் அந்தத் துறை மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். அரசு டெண்டர் என்றால் குறைந்த விலை சொன்னவரிடம்தான் வாங்க முடியும் என்பார்கள். சரி. ஆனால் விலையைத் திறப்பதற்கு முன் தொழில்நுட்பத் தகுதி என்று ஓர் உறை இருக்கிறதே? 'நாலு கோர், 16 ஜிபி' என்று மட்டும் அதில் எழுதினால், யாரும் எதையும் கொண்டு வந்து கொட்டலாம். 'இன்ன சோதனையை, இன்ன அறை வெப்பத்தில், முப்பது நிமிடம் ஓட்டினால் இவ்வளவு மார்க்குக்குக் குறையக்கூடாது' என்று எழுதிப் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக மூச்சு வாங்குகிற பெட்டி உள்ளே வராது. நல்ல பெட்டி கொண்டு வருகிற வியாபாரிக்கும் அதுதான் நியாயம்.

இரண்டாவது, இந்தச் சோதனையை நம்ம பாடத்திலேயே ஒரு பிராக்டிகலாக வைக்கலாம். வெப்பத் தடை, மின்சாரக் கணக்கு, மெமரி வேகம், அளவீட்டுப் பிழை என்று நாலு சப்ஜெக்ட் ஒரே மேஜையில் வருகிறது. வேலைக்குப் போன இடத்தில் நாளைக்கு நம்மைத்தானே மெஷின் வாங்கச் சொல்லப் போகிறார்கள்?

மூன்றாவது, எடுத்த ரீடிங்குகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். நல்லது, கெட்டது ரெண்டையும். அதைப் பார்த்து ஒரு ஜூனியர் வீட்டில் சரியான பெட்டி வாங்கினால், அந்த அம்மாவின் வளையல் சீக்கிரம் மீளும். அதைவிட என்ன பரிசு வேண்டும் நமக்கு?

நண்பர்களே! இந்தக் குட்டிப் பெட்டியை நான் ஆதரிக்கிறேன். கரண்டை மிச்சம் பிடிக்கிறது, இடத்தை மிச்சம் பிடிக்கிறது, நம் பாடத்தில் பாதிக்கு மேல் இதிலேயே படித்து முடிக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க மாட்டேன். அளவைப் பார்த்து இகழ்வதும் வேண்டாம், ஸ்டிக்கரைப் பார்த்துப் புகழ்வதும் வேண்டாம். மீட்டரை மாட்டுவோம், ரீடிங் எடுப்போம், அப்புறம் பேசுவோம்.

மார்க் போடுகிற பேனா நம்ம கையில் இருக்கட்டும்!